குச்சியும் அம்பும்

ராக்கெட் என்றால் எல்லோரும் மருந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். குச்சியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் ராக்கெட் பகுதியில்தான் கழிந்தது. அந்த உரிமையில் சொல்கிறேன். ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்பது மருந்தின் பொறுப்பு. எந்தப் பக்கம் போகும் என்பது குச்சியின் பொறுப்பு.

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் சோடா பாட்டிலில் ராக்கெட் விட்டவர்கள்தான். பத்து விட்டால் எட்டு மேலே போகும். ஒன்று வளைந்து எதிர்வீட்டு மாடிக்குள் போகும். இன்னொன்று யார் வைக்கோற்படப்பையாவது தேடிப் போகும். உடனே பெரியவர்கள் கேட்பது "எந்தப் பயல்டா விட்டது?" என்பதுதான். விட்டவன் முதுகில் இரண்டு விழும். அந்த ராக்கெட்டின் குச்சியை எடுத்துப் பார்த்தவர் யாராவது உண்டா? நான் அறிந்து இல்லை.

குச்சி செய்கிற வேலை எளிதானது. ராக்கெட்டின் தலை ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும்போது, பின்னால் நீண்டிருக்கும் குச்சியைக் காற்று தள்ளி மறுபடி நேராக்கும். அம்புக்கு இறகு செய்வதும் இதே வேலைதான். ஆனால் குச்சி கோணலாக இருக்கக் கூடாது. குழாயோடு ஒட்டி, அதற்கு இணையாகக் கட்டியிருக்க வேண்டும். கனமும் சரியாக இருக்க வேண்டும். இதைப் பார்க்கத் தராசு வேண்டியதில்லை. கட்டி முடித்த ராக்கெட்டை எடுத்து, குழாயின் வாய்க்குச் சற்றுப் பின்னால், குச்சிக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினால் போதும். சமமாக நின்றால் நல்லது. தலைப்பக்கம் கவிழ்ந்தால் குச்சி லேசு, அந்த ராக்கெட் தறிகெட்டு ஓடும். வால்பக்கம் சாய்ந்தால் குச்சி கனம், உயரம் ஏறாமல் சோம்பி விழும்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பகுதி போர்மேன் அண்ணாச்சி. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். அவரோடு ஒரு தீபாவளி சீசனில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. 1980-களின் நடுப்பகுதி. சரக்கு வெளியே போகும் முன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் பத்து உருப்படி எடுத்துப் பின்னால் உள்ள பொட்டலில் விட்டுப் பார்ப்போம். அன்றைக்கு விட்ட பத்தில் ஆறு படுத்துக்கொண்டு ஓடின. ஒன்று வாட்ச்மேன் குடிசைக்குப் பக்கத்து வேப்பமரத்துக்குள் போய் வெடித்தது. பட்டாசு ஆலை வளாகத்துக்குள் ஒரு ராக்கெட் தப்பான பக்கம் போனால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேலாளர் வந்தார். "குச்சி கட்டினது யாரு?" என்று கேட்டார். சீட்டில் அறை எண் இருந்தது. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு அக்கா. வீட்டுக்காரர் கிடையாது, இரண்டு பிள்ளைகள். கட்டும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த அக்கா அழவில்லை. "பத்து வருசமாக் கட்டுறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை அவரே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

போர்மேன் அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் மீதி ராக்கெட்டுகளில் ஒரு கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாக விரலில் வைத்தார். எல்லாமே தலை கவிழ்ந்தன. கட்டு நேராகத்தான் இருந்தது, நூல் இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்டோருக்குப் போனார். புதிதாக வந்திறங்கிய குச்சிக் கட்டு பழையதைவிட மெலிசு. பழைய கட்டில் மிச்சமிருந்த குச்சிகளை எடுத்து, அதே லாட் குழாய்களில் அந்த அக்காவையே கட்டச் சொன்னார். பத்தையும் விட்டோம். பத்தும் நேரே மேலே போயின.

அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஒரே தப்பு பத்துத் தடவையும் ஒரே மாதிரி வந்தா அது கைத்தப்பு இல்லடா. கைத்தப்புன்னா தடவைக்கு ஒரு மாதிரில்ல வரும்."

மறுநாள் அந்த அக்கா வேலைக்கு வந்தார். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அதெல்லாம் வழக்கமில்லை, இந்தக் காலத்திலும் பெரிதாக வழக்கமில்லை.

குச்சி விவகாரம் நம் ஊரோடு நிற்பதும் அல்ல. காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்களே, அந்தப் போரில் மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. இரும்புக் குழாயை மூங்கில் கழியில் கட்டிய ராக்கெட்டுகள் அவை. திப்புவின் படை ராக்கெட்டுகளோடு போரிடும் காட்சியைத் தீட்டிய ஓவியத்தை அமெரிக்காவில் வாலோப்ஸ் தீவு ராக்கெட் தளத்தின் சுவரில் பார்த்ததாக நம் அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்துத் தாமும் செய்தார். அவரும் முதலில் நம்மைப் போலவே குழாயின் பக்கவாட்டில்தான் கழியைக் கட்டினார். ஒரு பக்கம் கனம் கூடினால் அந்தப் பக்கம் இழுக்கத்தானே செய்யும்? 1815 வாக்கில் கழியைக் குழாயின் அடியில் நட்டநடுவில் திருகி மாட்டும்படி மாற்றினார். அதன் பிறகு குறி கொஞ்சம் தேறியது.

இந்தப் பழங்கதையை எல்லாம் இப்போது கிளறக் காரணம் என் பேத்தியின் வில்.

மகள் வீடு விருதுநகரில். பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். மூன்று வருடமாக வில்வித்தை பழகுகிறாள். நம் மாவட்டத்தில் ஊர்ப் பெயரிலேயே வில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் 'வில்லி' ஒரு வேடனின் பெயர் என்பது தலபுராணம். ஆனால் இவள் கையில் இருப்பது வேடன் வைத்திருந்த வில் இல்லை. காம்பவுண்ட் வில் என்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் கண்டுபிடித்து 1969-இல் காப்புரிமை வாங்கியது. முதன்முதல் பார்த்தபோது எனக்கு அது வில்லாகவே தோன்றவில்லை. கிணற்று உருளையையும் சைக்கிள் சட்டத்தையும் சேர்த்துக் கட்டிய மாதிரி இருந்தது.

மேலும் கீழும் இரண்டு உருளைகள். கேம் என்று பெயர். அவை சரியான வட்டமாக இருக்காது, கோணலாக இருக்கும். சூட்சுமமே அந்தக் கோணலில்தான். இழுக்க ஆரம்பிக்கும்போது முழுப் பாரமும் தெரியும். முழுதாக இழுத்து முடிக்கும் இடத்தில் உருளை புரண்டு பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பேத்தியின் வில்லை இழுக்க 20 கிலோ வேண்டும். இழுத்தபின் பிடித்து நிற்க 5 கிலோ போதும். அதனால் நிதானமாகக் குறி பார்க்கலாம். நாணை விரலால் விடுவதில்லை. ரிலீஸ் என்று கையில் ஒரு சின்னக் கொக்கி, விசையை அழுத்தினால் நாண் விடுபடும்.

போட்டியில் 50 மீட்டர் தூரம். இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர். நம் வீட்டுக் காபி டம்ளர் வாய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு கிளம்பும்போது அரை பாகை விலகினால் 50 மீட்டரில் சுமார் 44 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். 72 அம்பு எய்ய வேண்டும், முழு மதிப்பெண் 720. இந்தியாவுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. 2023-இல் ஹாங்சௌ ஆசியப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கமும் நம் நாட்டுக்குத்தான் வந்தது. விஜயவாடாப் பெண் ஜோதி சுரேகாவுக்கு மட்டும் மூன்று. அதே வருடம் பெர்லினில் உலகப் பட்டம் வென்ற அதிதி சுவாமிக்கு அப்போது 17 வயது, சதாராப் பக்கத்துப் பெண். பேத்தியின் மேசைக்கு மேலே இரண்டு பேர் படமும் ஒட்டியிருக்கும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் பிரிவு முதன்முறையாக வருகிறது, ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்பு அணிக்கு மட்டும். அந்தச் செய்தியை எனக்குப் போன் போட்டுச் சொன்னதே அவள்தான்.

புது வில் வாங்க லட்ச ரூபாய் தாண்டும். மாப்பிள்ளை வெளியூரில் ஒருவர் பயன்படுத்திய வில்லை வாங்கி வந்தார். ஒரு கடையில் கொடுத்து இவள் கைநீளத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு தொடங்கியது தொல்லை. பழைய வாடகை வில்லில் ஓரளவு நன்றாக எய்துகொண்டிருந்தவளின் அம்புகள் சிதற ஆரம்பித்தன. பயிற்சி கொடுப்பவர், "உன் கை நிக்கலைம்மா" என்றார். ஒரு மாதம் கழித்தும் அதையே சொன்னார். பிள்ளை இரவில் கையை நீட்டி வைத்துக்கொண்டு விரல் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாக மகள் சொன்னாள். மதுரைக்குக் கூட்டிப்போய் நரம்பு டாக்டரிடமும் காட்டினார்கள். கையில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். வில்லை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அதற்குச் சரியென்று சொன்னதும் அவள்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு பிள்ளை விடுவது வேறு, தன் கை ஆகாது என்று நம்பி விடுவது வேறு.

அவளைக் கூப்பிட்டு, "தாயீ, அம்பு ஒரே மாதிரி தப்பாப் போகுதா, கண்டபடி போகுதா?" என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குறிபார்க்கும் கருவியைத் தினம் திருப்பித் திருப்பி அம்பைத் துரத்திக்கொண்டிருந்தாள். "காகிதத்துல எய்து பாக்கணும்னு ஒரு சீனியர் அக்கா சொன்னாங்க தாத்தா. யாரும் செஞ்சு காட்டலை" என்றாள்.

செய்து பார்ப்பதில் என்ன சிரமம்? ஒரு பழைய படச் சட்டத்தை எடுத்தேன். சிவகாசியில் காகிதத்துக்கா பஞ்சம்? தெரிந்த அச்சகத்தில் கழித்துப் போட்ட நாள்காட்டித் தாள் ஒரு கட்டு வாங்கி வந்தேன். மேலாக இருந்தது முருகன் படம். பேத்தி எய்ய மாட்டேன் என்றுவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். மறுபடி போய் வெறும் தாளாகப் பார்த்து எடுத்து வந்தேன். இடத்துக்கு, நண்பர் ஒருவரின் காலியான தீப்பெட்டிக் குடோன்.

முறை இதுதான். எய்கிறவரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, விறைப்பாகத் தாள் ஒட்டிய சட்டத்தை நிறுத்த வேண்டும். அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில் அம்பைத் தாங்கும் மெத்தை. அம்பு தாளைத் துளைத்துக்கொண்டு போகும். நேராகப் போயிருந்தால் ஒரே ஓட்டை, அதைச் சுற்றி இறகுகள் கிழித்த மூன்று கோடுகள். வால் தூக்கியோ சாய்ந்தோ போயிருந்தால், முனை போட்ட ஓட்டையிலிருந்து வால் போன இடம் வரை நீளமாகக் கிழிந்திருக்கும். கிழிசலே அம்பு போன கோலத்தைச் சொல்லிவிடும். நொடிக்கு 80 மீட்டர் வரை போகிற பொருளைக் கண் பிடிக்காது, காகிதம் பிடித்துவிடும்.

பத்து எய்தாள். பத்துத் தாளையும் வரிசையாகத் தரையில் பரப்பி வைத்து, கண்புரை எடுத்த கண்ணால் குனிந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் வால் மேல்பக்கமாகக் கிழித்திருந்தது. ஏறக்குறைய ஒரே நீளம், நான்கு விரற்கடை. அதோடு பக்கவாட்டிலும் ஒரு சின்னக் கிழிசல். அது ஒன்றில் இடம், ஒன்றில் வலம், ஒன்றில் இல்லவே இல்லை.

எனக்குப் போர்மேன் அண்ணாச்சியின் குரல் கேட்டது. "மேல்கிழிசல் வில்லுக் கணக்கு தாயீ. பக்கக் கிழிசல்தான் உன் கணக்கு" என்றேன். அவள் தாள்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு எண் எழுத ஆரம்பித்தாள்.

வில்லை அழுத்திப் பிடித்துக் கயிற்றைத் தளர்த்த ஒரு தனிக் கருவி வேண்டும். வீட்டில் வைத்துக் குடைகிற வேலை இல்லை அது, உள்ளே இறுகிக் கிடக்கும் விசை கையை எடுத்துவிடும். மதுரையில் வில் வேலை தெரிந்த ஒரு தம்பி இருந்தார். தாள்களையும் எடுத்துக்கொண்டு போனோம். அவர் முதலில் பார்த்தது உருளைகளை. வில்லை ஒரு பலகையில் மாட்டி மெதுவாக இழுத்துக் காட்டினார். மேல் உருளை தன் முட்டுக்கு வந்து நின்றுவிட்டது, கீழ் உருளை இன்னும் வந்துகொண்டிருந்தது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு முந்தினால் நுகத்தடி என்ன ஆகும்? அதே கதைதான். நாண் போகும் வழியில் அம்பின் வால் மேலும் கீழும் அலையும். கைநீளத்துக்கு மாற்றியபோது இந்த இரண்டையும் ஒன்றாக நிற்கும்படி யாரும் சரிபார்த்திருக்கவில்லை.

அவர் ஒரு கேபிளைக் கழற்றி ஒரு முறுக்கு ஏற்றினார். முறுக்கு ஏறினால் கேபிள் கொஞ்சம் நீளம் குறையும், நம் கயிற்றுக் கட்டில் மாதிரி. மறுபடி இழுத்துப் பார்த்தார். இன்னும் அரை முறுக்கு. இரண்டு உருளைகளும் ஒன்றாக வந்து முட்டின. அங்கேயே காகிதத்தில் எய்தாள். நான்கு விரற்கடை ஒன்றரை ஆனது.

மீதிக்கு, நாணில் அம்பு கோக்கும் இடத்தைப் பார்த்தோம். அங்கே ஒரு சின்னக் கயிற்று வளையம் கட்டியிருக்கும். வால் மேலே தூக்கினால் அந்த வளையத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அல்லது முன்னால் அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. செய்தால் எது பலித்தது என்று தெரியாது. இது வில்லுக்கு மட்டும் பொருந்துகிற விதியா என்ன, எங்கள் பகுதியில் மருந்தையும் குச்சியையும் ஒரே நாளில் மாற்றியவனை அண்ணாச்சி சும்மா விட்டதே இல்லை. வளையத்தை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினார் தம்பி. மேல்கிழிசல் போய்விட்டது.

அம்பையும் அவர் விடவில்லை. அம்பு பார்க்க விறைப்பாக இருந்தாலும் நாண் தள்ளும்போது மீன் மாதிரி நெளிந்துகொண்டுதான் போகும். எவ்வளவு நெளியலாம் என்பதற்கு ஸ்பைன் என்று ஓர் எண் உண்டு. 28 அங்குல இடைவெளியில் அம்புத் தண்டைத் தாங்கி வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தொய்கிறது என்பதே அந்த எண். 500 என்றால் அரை அங்குலத் தொய்வு. எண் கூடினால் அம்பு இளக்கம். வில்லின் வேகம், அம்பின் நீளம், முனையின் எடை எல்லாம் பார்த்துப் பொருத்தம் சொல்ல வேண்டும், ஜாதகம் மாதிரி. நல்லவேளை, இவள் அம்புகள் பொருந்தின.

பக்கக் கிழிசல் மிச்சம் இருந்தது. அது உண்மையிலேயே அவள் கைதான். வில்லை இறுகப் பிடித்திருந்தாள். ஒரு மாதமாக 'கை நிக்கலை' என்று கேட்டவள் பின்னே எப்படிப் பிடிப்பாள்? இறுகப் பிடிக்கப் பிடிக்க வில் திருகும். "பிடிக்காதம்மா, உள்ளங்கையில் சாய்ந்து நிக்கட்டும், விழாது" என்றார் அந்தத் தம்பி. மணிக்கட்டில் ஒரு வார் கட்டியிருப்பதால் வில் கீழே விழாது. இதைச் சரிசெய்ய ஒரு நாள் போதவில்லை. குடோனில் ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. தாள்கட்டு பாதி தீர்ந்தது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. ஓர் அம்பில் இறகுகளை எல்லாம் எடுத்துவிட்டு, 18 மீட்டரில் இறகுள்ள அம்புகளோடு சேர்த்து எய்ய வேண்டும். குச்சியில்லாத ராக்கெட் மாதிரிதானே அது, எங்கே போகுமோ என்று நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். வில் தப்பாக இருந்தால் இறகு அந்தத் தப்பைக் கொஞ்சமாவது திருத்தி மறைத்துவிடும், மொட்டை அம்பு மறைக்காது. முதல் மொட்டை அம்பு மற்றவற்றிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தியது. மூன்றாவது, இறகுள்ள அம்போடு உரசிக்கொண்டு நின்றது. அந்தத் தண்டில் கீறல் விழுந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அதன் விலைதான் முதலில் நினைவு வந்தது. அது அவர் பாடு.

இரண்டு மாதம் கழித்து மாநிலப் போட்டிக்கான தேர்வு நடந்தது. நானும் போயிருந்தேன். சித்திரை வெயில், காற்று வேறு. வில்லை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கக் கூடாது, சூட்டில் நாண் தொய்ந்துவிடும் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்து, என் குடைக்குக் கீழே வில்லை வைத்தாள். நான் வெயிலில் நின்றேன். 72 அம்பும் எய்து முடித்தாள். தேர்வாகவில்லை. நான்கு புள்ளி குறைந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மார்க் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருமங்கலம் தாண்டியதும், "அந்த நாலும் என்னோடதுதான் தாத்தா. கடைசி ரெண்டு ரவுண்டுல காத்தைப் பாக்காம விட்டுட்டேன்" என்றாள். குரலில் பயம் எதுவும் இல்லை. பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

போன வாரம் அந்த வில்லுக்குப் புது நாண் வந்திருக்கிறது. புது நாண் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே இருக்கும், எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். "வெறும் தாளா பாத்து ஒரு கட்டு வாங்கி வைங்க, சாமி படம் வேண்டாம்" என்று போனில் உத்தரவு வந்திருக்கிறது. நாளைக் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.